எட்டுப் பக்கத்தில் உடையும் மனம்: தமிழ்க் காமிக்ஸ் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பாத்திரங்களின் பேச்சு வரும் பலூனுக்குள் எழுத்து கோக்கும் டிடிபி கலைஞர்கள், பிளேட் போடுபவர்கள், மெஷின் ஓட்டுபவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோ கதைகளில் ஒரு சின்னக் கிளை உண்டு. எட்டுப் பக்கம், மிஞ்சினால் இருபத்திரண்டு பக்கம். நகரம் அழியாது, வேற்றுக்கிரகத்தார் வரமாட்டார்கள். ஒரே ஒரு மனம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். அது வில்லனுடைய மனமாக இருக்கலாம், முகமூடி போட்ட நாயகனுடையதாகவும் இருக்கலாம். இந்தக் கதைகளில் ஓவியப் பாணி அலங்காரத்துக்காக வருவதில்லை. நாவலாசிரியர் இரண்டு பக்கம் எழுதி விளக்குவதை இங்கே கோட்டின் நடுக்கம் சொல்லிவிடுகிறது. அதனால் கோடு கெட்டால் வாக்கியம் கெட்டதாகவே அர்த்தம். எழுத்துப் பிழைக்குக் காட்டும் அக்கறையை இந்தக் கதைகளின் கோட்டுக்கும், கறுப்புக்கும், பலூன் எழுத்துக்கும் காட்டுங்கள் என்று கேட்கவே இம்மடல். அதை எப்படிச் செய்வது என்பதையும் எங்களுக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறோம்.

எதை மனதில் வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். டீசி காமிக்ஸ் 1996-இல் நான்கு இதழ்களாகக் கொண்டுவந்த ‘பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்’ இந்த வகைக்கு உரைகல். மார்க் கியாரெல்லோ முன்னின்று தொகுத்தது. இதழுக்கு ஐந்து கதை, கதைக்கு எட்டுப் பக்கம், மொத்தம் இருபது கதை, வண்ணம் கிடையாது. ஒரே நாயகனை ஆளாளுக்குத் தங்கள் கைப்படி வரைந்தார்கள். ஆர்ச்சி குட்வின் எழுத, கேரி ஜியானி பழைய செதுக்கோவியம்போல் மெல்லிய குறுக்குக் கோடுகளால் வரைந்த ‘ஹீரோஸ்’ 1997-இல் சிறந்த சிறுகதைக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருதைப் பெற்றது. பிரையன் போலண்டின் ‘ஆன் இன்னசன்ட் கை’ நல்ல வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவனைப் பற்றியது. தான் உண்மையில் நல்லவன்தானா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கொடிய காரியத்தைச் செய்து பார்க்க அவன் திட்டமிடுகிறான். அந்தக் கதையில் ஒரு கோடு கூட நடுங்காது. அறுவைச் சிகிச்சை மேசைபோல் எல்லாம் துடைத்து வைத்த சுத்தம். பயமே அந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் எதிர்த்திசையில் டெட் மெக்கீவர் நிற்கிறார். அவருடைய ‘பெர்பெச்சுவல் மோர்னிங்’ பிணவறையில் நடக்கிறது. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் உடலோடு பேட்மேன் தனியாக இருக்கிறார், கோடுகள் எல்லாம் கோணலாகவும் கரடுமுரடாகவும் வருகின்றன. புரூஸ் டிம் ‘டூ ஆஃப் எ கைண்ட்’ கதையில் பாதி முகம் சிதைந்த வில்லன் டூ-ஃபேஸின், அதாவது ஹார்வி டென்டின், முகத்தைக் குணமாக்கி, சிகிச்சை செய்த பெண் மருத்துவர்மீதே காதலையும் கொடுத்து, பிறகு அவளுடைய இரட்டைச் சகோதரியை உள்ளே அனுப்புகிறார். கட்சுஹிரோ ஒட்டோமோ பல ஆளுமை கொண்ட கொலையாளி ஒருவனைக் கொண்டுவந்து, முகமூடி எது, முகம் எது என்ற கேள்வியைப் பேட்மேன் பக்கமே திருப்புகிறார்.

இதே தடத்தில் 2008-இல் ‘ஜோக்கர்ஸ் அசைலம்’ என்று ஐந்து தனி இதழ்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு வில்லனைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் வேறு ஓவியர், கதை சொல்லியாக வந்து உட்காருபவன் ஜோக்கர். ஸ்கேர்குரோ இதழில் ஜுவான் டோ வெட்டி ஒட்டிய போஸ்டர்போல் கூர்கூரான வடிவங்களால் பயத்தை வரைந்தார். பாய்சன் ஐவி இதழில் கியெம் மார்ச் வரைந்த பக்கங்களோ கொடிபோல் வளைந்து நெளிந்தன. மார்வெல் பக்கம் வந்தால், 2016-இல் ஜெஃப் லெமியர் எழுதிய ‘மூன் நைட்’, தனக்குள் பல ஆளுமைகள் கொண்ட அதன் நாயகனின் ஒவ்வோர் ஆளுமைக்கும் ஓர் ஓவியரை ஒதுக்கியது. கிரெக் ஸ்மால்வுட் மையக் கதையை வரைய, வில்ஃப்ரெடோ டோரஸ், ஃபிரான்செஸ்கோ ஃபிரான்கவில்லா, ஜேம்ஸ் ஸ்டோகோ மூவரும் மற்ற ஆளுமைகளின் உலகங்களை வரைந்தார்கள். இப்போது யார் விழித்திருக்கிறார் என்பதை வாசகர் பெயரைப் பார்க்காமலே கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இதெல்லாம் நம் வாசகருக்கு எட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்க் காமிக்ஸ் வாசிப்பே இப்படி ஒரு பிசகிய மனத்தில்தான் வேர்விட்டது. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய ‘தி ஸ்டீல் கிளா’ தொடரை ஸ்பெயின் ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972-இல் முத்து காமிக்ஸ் அதைத் தன் முதல் இதழாக, ‘இரும்புக்கை மாயாவி’ என்று கொண்டுவந்தது. முதல் கதையில் மாயாவி நாயகன் அல்ல. கையை இழந்த ஆய்வகப் பணியாளர் ஒருவர், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் நிலைக்கு வந்து, அந்தச் சக்தியால் மனம் திரிந்து குற்றத்தில் இறங்குகிறார். நல்லவராவது பிறகுதான். கறுப்பு வெள்ளையில், இருட்டுக்குள் மிதக்கும் ஒரு கையைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் இவர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

கோப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உரிமை வாங்கும்போதே, அச்சாகும் அளவில் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) கொண்ட, சாம்பல் இல்லாத, கறுப்பு-வெள்ளை இரண்டே நிலைகள் உள்ள கோட்டோவியக் கோப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். பலூனில் ஆங்கில எழுத்து இல்லாத பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் கைக்கு வருவது 300 டிபிஐ சாம்பல் நிறக் கோப்பாகவே இருக்கும். அதை அப்படியே பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, அனுப்பினால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இருக்கும் மெல்லிய சாம்பல் புள்ளிகளாக உடையும். கோடு ஈரத்தில் ஊறியதுபோல் தெரியும். போலண்டின் கதைக்கு இது நடந்தால் அந்தக் குளிர்ந்த சுத்தம் போய்விடும், கதையும் அதோடு போய்விடும். 300 டிபிஐ மட்டுமே கிடைத்தால், சாம்பல் நிலையிலேயே நான்கு மடங்கு பெரிதாக்கி 1200-க்குக் கொண்டுபோய், அதற்குப் பிறகு இருநிலையாக மாற்றுங்கள். மாற்றும்போது எந்தச் சாம்பல் கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்று பிரிக்கும் வாசல் அளவை (threshold) 128-இல் தொடங்கி, பக்கத்தின் மிக அடர்ந்த குறுக்குக் கோட்டுப் பகுதியை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் ஒட்டிக்கொண்டால் அளவைக் குறையுங்கள், அறுந்தால் கூட்டுங்கள். ஜியானி மாதிரி ஓவியருக்குப் பக்கத்துக்குப் பக்கம் இந்த எண் மாறும். எட்டுப் பக்கத்துக்கும் ஒரே எண்ணை ஓடவிடக் கூடாது.

மையை நீரில் கரைத்துத் தூரிகையால் பூசிய பக்கங்களுக்கு இந்த வேலையைச் செய்யவே கூடாது. ரிச்சர்ட் கோர்பன்போல் சாம்பல் சாயலால் உருவத்தைத் திரட்டி எடுப்பவரின் பக்கத்தை இருநிலையாக மாற்றினால் முகமே இருக்காது, கறுப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். அந்தப் பக்கங்கள் சாம்பல் நிலையில் 300 டிபிஐ-யில் இருந்தால் போதும். ஆனால் பூச்சில்லாத தாளில் மை பரவும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். பாதிச் சாம்பல், தாளில் விழும்போது முக்கால் சாம்பலாகிவிடும். அதற்கேற்ப நடுச்சாயலை வெளிறச் செய்து, மிக அடர்ந்த சாயலை 85 முதல் 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஒரே பக்கத்தில் கூர்மையான கோடும் சாயலும் கலந்திருந்தால் இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்து, கோட்டை 1200-இலும் சாயலை 300-இலும் அனுப்புவதே வழி. ஏற்கெனவே அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து போடுவது கடைசி வழியாகக் கூட வேண்டாம். புள்ளிமேல் புள்ளி விழுந்து பட்டுச்சேலையில் தெரிவதுபோல் அலைநெளிவு வரும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் பக்கம் அகலம் 6⅝ அங்குலம், உயரம் 10¼ அங்குலம். நம் புத்தக அளவான டெம்மி எட்டில் ஒன்று 5½-க்கு 8½ அங்குலம். அகலமும் உயரமும் ஏறக்குறைய 83 சதவீதத்துக்குச் சுருங்குகின்றன, விகிதம் கெடுவதில்லை. அதனால் டெம்மியில் போடுவது தவறே அல்ல. ஆனால் சுருக்கத்தால் குறுக்குக் கோடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளையும் சுருங்குகிறது, மை பரவி அதை மூடிவிடுகிறது. கோட்டு அடர்த்தி மிகுந்த கதைகளுக்கு மூல அளவு, மற்றவற்றுக்கு டெம்மி என்று தொகுப்பையே இரண்டாகப் பிரித்தாலும் சரிதான். பாக்கெட் அளவு மட்டும் வேண்டவே வேண்டாம்.

தாளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 60 ஜிஎஸ்எம் எடையுள்ள மேப்லித்தோ தாளில் நாவல் அச்சிடலாம். முழுப்பக்கக் கறுப்பு வரும் காமிக்ஸை அச்சிட்டால் பின்பக்க இருட்டு முன்பக்க முகத்தின்மேல் படியும். வெறுமையைக் காட்ட ஓவியர் விட்டுவைத்த வெள்ளையில் அடுத்த பக்கத்துக் கட்டடம் மங்கலாகத் தெரிந்தால் அங்கே வெறுமை ஏது? 90 ஜிஎஸ்எம் போடுங்கள். செலவு இடித்தால் ஒரு கதையைக் குறையுங்கள், தாளைக் குறைக்க வேண்டாம்.

இனி பாரக் கணக்கு. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதிதான் பாரம். எட்டுப் பக்கக் கதை பதிப்பாளருக்கு வரப்பிரசாதம், பதினாறு பக்கப் பாரத்துக்குச் சரியாக இரண்டு கதை. ஏழு கதையும் முன்பின் பக்கங்களுக்கு எட்டும் வைத்தால் 64 பக்கம், நான்கு பாரத்தில் முடிந்துவிடும். எந்த இரண்டு கதைகளை ஒரே பாரத்தில் போடுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். கெட்டிக் கறுப்பு மிகுந்த கதையும் மெல்லிய சாயல் கதையும் ஒரே பாரத்தில் வந்தால், கறுப்பு நன்றாக விழ மெஷின்காரர் மையைக் கூட்டுவார், சாயல் கதை சேறாகும். சாயலுக்காகக் குறைத்தால் கறுப்பு வெளுத்து, பழைய துணிபோல் நரைக்கும். கறுப்பையும் கறுப்பையும் ஒரு பாரத்தில் சேர்த்து, சாயலையும் சாயலையும் இன்னொன்றில் சேர்த்தால் மெஷினுக்குச் சண்டை இல்லை. வாசகருக்குப் பாணி மாறி மாறி வர வேண்டுமே என்றால், வரிசையைப் பாரங்களுக்கிடையே மாற்றுங்கள், பாரத்துக்குள் வேண்டாம்.

கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். முதல் பக்கம் வலப்புறம் வந்தால், எட்டாம் பக்கம் இடப்புறத்தில், தாளைப் புரட்டிய பிறகே கண்ணில் படும். முதல் பக்கம் இடப்புறம் வந்துவிட்டால், ஏழும் எட்டும் எதிரெதிரே திறக்கும். ஏழாம் பக்கத்தைப் படிக்கும்போதே முடிவு ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். மனம் உடைகிற கடைசிக் கட்டத்துக்காகவே எழுதப்பட்ட கதையை அந்த ஒரு பக்க நகர்வு கொன்றுவிடும். முன்னுரை நீண்டுவிட்டது, விளம்பரம் ஒன்று வந்துவிட்டது என்று ஒற்றைப் பக்கம் நுழைந்தால், பின்னால் வரும் எல்லாக் கதைகளும் இப்படிப் புரண்டுவிடும். நுழைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமாக நுழையுங்கள்.

இப்போது எழுத்து. எங்களுக்கு மனம் அதிகம் கொதிப்பது இங்கேதான்.

1989-இல் கிராண்ட் மாரிசன் எழுதி டேவ் மெக்கீன் வண்ணம் பூசிய ‘ஆர்காம் அசைலம்’ குறுங்கதை அல்ல, ஆனாலும் எழுத்துக் கோப்புக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. காஸ்பர் சாலடினோ பேட்மேனின் பேச்சைக் கறுப்புப் பலூனில் வெள்ளை எழுத்தாகக் கோத்தார். ஜோக்கருக்குப் பலூனே கொடுக்கவில்லை. சிவப்பு மை தெறித்ததுபோல், கட்டத்தின்மேல் கீறிப்போட்டதுபோல் அவன் வார்த்தைகள் கிடக்கின்றன. பலூன் என்பது ஒரு வேலி. வேலிக்குள் நிற்காத மனிதனின் குரல் அது. அந்தப் பக்கத்தை எடுத்து எல்லாருக்கும் ஒரே கணினி எழுத்துருவில், ஒரே அளவில், வெள்ளைப் பலூனில் தமிழைப் போட்டால், மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜோக்கர் வங்கிக் காசாளர்போல் பேசுவான்.

எனவே கதாபாத்திரத்துக்கு ஓர் எழுத்துமுறை வேண்டும். கணினியில் பத்துத் தமிழ் எழுத்துருக்களைத் தேடி அலைவதைவிட, இரண்டு மூன்று முக்கியக் குரல்களைக் கையால் எழுதிவிடுவது சுலபம். பக்கத்தை அச்சளவைப்போல் ஒன்றரை மடங்கில் வெளிர் நீலத்தில் அச்செடுத்து, அதன்மேல் தடத்தாள் வைத்து, தூரிகையாலோ பட்டை நிப்பாலோ எழுதி, 600 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, மூன்றில் இரண்டாகச் சுருக்குங்கள். எட்டுப் பக்கக் கதையில் அப்படி எழுத வேண்டிய பலூன் முப்பது நாற்பதுக்கு மேல் இருக்காது. ஒலிச்சொற்களுக்கு இது கட்டாயம். ஓவியர் தூரிகையால் போட்ட ஓசையின்மேல் தட்டச்சுச் செய்த ‘டமால்’ ஒட்டினால், வீணைக்கச்சேரி நடுவே அலைபேசி அடித்ததுபோல் இருக்கும்.

கணினியில் கோப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆங்கிலப் பலூன் முழுவதும் பெரிய எழுத்து, மேலும் கீழும் எதுவும் நீளாது. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே போகும், ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும். 9 புள்ளி எழுத்துக்கு 11½ புள்ளியாவது வரி இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரிச் சுழியும் கீழ்வரிக் கொக்கியும் மோதி வாசகர் தடுமாறுவார். யூனிகோடில் கோத்தால், பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டோஷாப்பில் கோப்பதாக இருந்தால் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் திறந்து வையுங்கள். தவறினால் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் சிதறும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிடிஎஃப் எடுத்த பிறகு இந்த மூன்றை மட்டும் தேடி ஒருமுறை கண்ணை ஓட்டினால் பாதிப் பிழை பிடிபடும். வண்ணப் பக்கமானால் பலூன் எழுத்து தனிக் கறுப்பில், மற்ற மைகளின்மேல் பதியும்படி இருக்க வேண்டும். நான்கு மை கலந்த கறுப்பில் எழுத்து இருந்தால் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு ஊதா நிழல் விழும்.

ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும் சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவது வழக்கம். தமிழில் அது தேவையில்லை. ‘அவன்தான்’, ‘அவனே’, ‘அவனா’ என்று ஒட்டு ஒன்றைச் சேர்த்தால் அழுத்தம் தானாக வந்துவிடும். ஒட்டும் போட்டுத் தடித்த எழுத்தும் போட்டால் ஒவ்வொருவரும் கத்துவதுபோல் தோன்றும். கத்த வேண்டிய இடம் வரும்போது கத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. நீளமும் நினைவிருக்கட்டும். தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். ஒரு பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் நிறுத்தி யோசியுங்கள். ‘சொல்லிக்கொண்டிருக்கிறான்’ பலூனில் அடங்காது, நடுவில் உடைத்தால் அசிங்கம். ‘சொல்லிட்டிருக்கான்’ அடங்கும், மனிதன் பேசுவதுபோலவும் இருக்கும்.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறாக இருப்பது இந்தக் கதைகளுக்கு நம் மொழி தரும் பெரிய வசதி. நினைவலைக் கட்டங்களை எழுத்து நடையில் தொடங்கி, மனம் பிசகப் பிசகப் பேச்சு நடைக்கு இறக்கலாம். அதே ஆள் திடீரென்று செந்தமிழில் பேசினால் வேறொருவர் விழித்துக்கொண்டார் என்று வாசகர் உணர்வார். ஆங்கில மூலத்தில் இந்தக் கருவியே கிடையாது.

இன்னொன்றும் ஆங்கிலத்தில் கிடையாது. டூ-ஃபேஸ் தன்னைப் பன்மையில் சொல்லும்போது அங்கே இருப்பது ஒரே சொல். தமிழில் ‘நாங்கள்’ உண்டு, ‘நாம்’ உண்டு. எதிரே நிற்கும் பேட்மேனிடம் அவன் பேசும்போது ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குள் இருக்கும் நாங்கள் இருவர், நீ எங்களில் சேர்த்தி இல்லை என்பது அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. அங்கே ‘நாம்’ போட்டால் பேட்மேனையும் கூட்டாளி ஆக்கியதாகும். அதே ஆள் கண்ணாடி முன் நின்று, தன் சிதைந்த பாதியிடம் தனியாகப் பேசினால் ‘நாம்’ சரி. முடிவெடுக்க அவன் நாணயம் சுண்டப்போகும் நேரத்தில் ‘நான்’ என்று ஒருமுறை வாய் தவறினால், ஹார்வி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று தெரியும். மூலத்தின் ஒவ்வொரு பன்மையையும் நிறுத்திப் பார்த்து, யாரைச் சேர்க்கிறான், யாரை விலக்குகிறான் என்று முடிவெடுங்கள். மூன் நைட் கதைகளில், ஓர் ஆளுமை இன்னொன்றிடம் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். நீ, நீங்க என்ற வித்தியாசமும் அப்படியே. மருத்துவர் நோயாளியை ‘நீங்க’ என்றே அழைக்கட்டும். அவர் ‘நீ’க்கு இறங்கும் கட்டம்தான் அந்தக் கதையின் திருப்பமாகக்கூட அமையலாம்.

ஒரு சொல்லை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1982-இல் வந்த ‘மூன் நைட்’ 26-ஆம் இதழில் டக் மென்ச் எழுத, பில் சின்கேவிச் வரைந்த ‘ஹிட் இட்’ என்ற கதை இருக்கிறது. தந்தையிடம் அடிபட்டு வளர்ந்த ஒருவன், தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் அடித்துக்கொண்டே போகிறான். அடிக்கும் சொல்லே தாளமாகிப் பக்கத்தின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைத் ‘தாக்கு’ என்று மொழிபெயர்த்தால் போலீஸ் அறிக்கை. ‘அடி’ என்று போட்டுப் பாருங்கள். இரண்டே எழுத்து, சின்னக் கட்டத்திலும் அடங்கும். அடிப்பதும் அடி, பறையில் விழுவதும் அடி, பாட்டின் வரியும் அடி, அப்பனிடம் வாங்கியதும் அடி. எடுத்துவைக்கும் ஒவ்வோர் எட்டும்கூட அடிதான். கதை முழுவதையும் ஒரே சொல்லில் தாங்கும் வாய்ப்பை மூலத்தைவிட அதிகமாகத் தமிழ் தருகிறது. அதையும் ஒரே அளவில் கணினியில் ஒட்டாமல், ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் கையால் எழுதினால்தான் தாளம் ஏறி இறங்கும்.

நோயின் பெயர்களில் வரும் தவறு சின்னத் தவறு அல்ல. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஒரு நோய். ஒருவருக்குள் பல ஆளுமைகள் மாறி மாறி வருவது முற்றிலும் வேறு. டூ-ஃபேஸையோ மூன் நைட்டையோ பின்னட்டையில் ‘மனச்சிதைவு நோயாளி’ என்று அறிமுகப்படுத்தினால் கதையும் தவறு, மருத்துவமும் தவறு. அந்த நோயோடு வாழ்கிறவர்களுக்கு அது அநியாயமும் கூட. ‘பைத்தியம்’, ‘லூசு’, ‘மெண்டல்’ ஆகிய சொற்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. சிறைக் காவலாளி வாயில் ‘பைத்தியம்’ வரலாம், அது அவன் யார் என்பதைக் காட்டும். மருத்துவர் வாயில் வரக் கூடாது. தலையங்கத்திலும், அறிமுகக் குறிப்பிலும், விளம்பரத்திலும் வரவே கூடாது, அங்கே பேசுவது நீங்கள். ஜோக்கர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது ‘பித்து’ என்ற சொல்லைப் பரிசீலியுங்கள். சிவனையே பித்தன் என்று அழைத்த மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரு கர்வம் உண்டு, அவன் பேச்சுக்கு அது பொருந்தும்.

பேட்மேனின் வில்லன்களை அடைத்துவைக்கும் மனநல விடுதியான ஆர்காமை எப்படித் தமிழாக்குவது என்பதிலும் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. 1974-இல் பேட்மேன் 258-ஆம் இதழில் முதலில் வந்தபோது அதன் பெயர் ஆர்காம் மருத்துவமனை. ‘அசைலம்’ ஆனது பிறகு. அந்தச் சொல்லுக்கு அடைக்கலம் என்றும் பொருள் இருப்பதால் ‘ஆர்காம் புகலிடம்’ என்பது இரண்டு அர்த்தத்தையும் தாங்கும். ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஒரு வசனம் எழுதிக் கைதட்டல் வாங்க நினைக்க வேண்டாம். 1794-இலிருந்து நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயர் அது. அதைக் கேலிச்சொல் ஆக்கியது போதும். கதையின் இறுக்கமும் அந்த ஒரு சொல்லில் அறுந்துவிடும். இந்தத் தொகுப்புகளின் கடைசிப் பக்கத்தில் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அச்சிடுங்கள். அட்டையில் வயது வரம்பையும் தெளிவாகப் போடுங்கள். காமிக்ஸ் என்றாலே குழந்தைக்கு என்று வாங்கிப்போகும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளை விற்காது, வண்ணம் பூசிவிடலாம் என்ற யோசனை எழும். வண்ணம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1988-இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’ சாட்சி. அதில் ஜான் ஹிக்கின்ஸ் போட்டது திருவிழா விளக்குபோல் கண்ணைக் கூசும் மஞ்சளும் ஊதாவும். 2008 பதிப்புக்காக போலண்ட் தாமே மறுபடி வண்ணமிட்டபோது எல்லாம் குளிர்ந்து அடங்கியது. ஜோக்கரின் கடந்தகாலக் காட்சிகள் ஏறக்குறைய நிறமிழந்து, ஒன்றிரண்டு பொருள்கள் மட்டும் சிவந்து நின்றன. கோடு அதேதான், பித்தின் வெப்பநிலை வேறு. அதே பதிப்பில் ‘ஆன் இன்னசன்ட் கை’ கதையையும் அவர் வண்ணத்தில் தந்தார். வரைந்தவரே செய்தது அது. வரைந்தவர் கேட்காமல் மற்றவர் செய்யக் கூடாது.

மொழிபெயர்ப்போடு நிற்காமல், தமிழிலேயே இப்படி எட்டுப் பக்கக் கதைகள் எழுதவும் வரையவும் வைக்க வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். ஓவியரிடம் டெம்மியைப்போல் ஒன்றரை மடங்கில், அதாவது 8¼-க்கு 12¾ அங்குலத்தில் வரையச் சொல்லுங்கள். ஏ3 தாளில் ஓரம் விட்டு அடங்கும். 0.2 மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு வேண்டாம், சுருங்கினால் அறும். கதைக்கு நாற்பது கட்டம் போதும், அதிலும் ஒரு பக்கமாவது ஒரே கட்டமாக இருக்கட்டும். நாயகனுக்குச் சக்தி எப்படி வந்தது என்ற கதைக்கு இங்கே இடமில்லை. கடைசிப் பக்கத்தில் மருத்துவர் வந்து நோயை விளக்கும் கதைகளைத் திருப்பி அனுப்புங்கள். பாணியை ஓவியரின் இஷ்டத்துக்கு மட்டும் விடாமல், எழுத்தாளரும் ஓவியரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இந்த மனிதனின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது? விளிம்பே இல்லாமல் கரைந்து தெரிகிறதென்றால் நீர்மை. எல்லாம் தன்னையே குத்துவதாகத் தெரிகிறதென்றால் கீறல். ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பார்வை மாறினால் ஓவியமும் ஐந்தாம் பக்கத்தில் மாறட்டும்.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பக்கங்களை மட்டும், அதே தாளில், அதே மெஷினில் ஓட்டிப் பாருங்கள்: தொகுப்பிலேயே மிகக் கறுத்த பக்கம் ஒன்று, மிக வெளிறிய பக்கம் ஒன்று. திரையில் பார்த்த புரூஃபை நம்ப வேண்டாம். அந்த இரண்டும் சரியென்றால் மற்ற அறுபத்திரண்டும் பெரும்பாலும் சரியாகவே வரும்.

ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்களோடு, பலூனுக்குள் எழுத்து கோத்தவரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
தமிழில் காமிக்ஸ் படிப்பவர்கள், கோப்பவர்கள் சிலர்